திரும்ப அழைக்கப்படும் வண்டிகள்

விற்ற பண்டத்தின் குற்றத்தை விற்றவரே எடுத்துரைத்து, தம் செலவிலேயே திருத்திக் கொடுப்பது அபூர்வமன்றோ? ஆயினும், மோட்டார் வண்டி விஷயத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் அது சட்டமாகும். பாதுகாப்புக் குறைபாட்டை உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டுமென 1966ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இலவசமாகவே செப்பனிட வேண்டுமென 1974ஆம் ஆண்டுத் திருத்தம் வற்புறுத்தியது.

இவ்விதியின் அருமையை உணர்த்துவது 'செவ்ரலே போல்ற்' என்னும் வண்டியின் வரலாறு. ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியார் செய்த இவ்வண்டி மின்சாரத்தால் ஓடுவது. இதன் பற்றரி பல சிற்றறைகளைக் கொண்டது. ஒவ்வோர் அறையிலும் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே மெல்லிய தடுப்புத் தாள் உண்டு. சில அறைகளில் எதிர்முனையின் தகட்டு நாக்குக் கிழிந்தும், தடுப்புத் தாள் மடிந்தும் இருந்தன. இவ்விரு குறைகளும் ஒரே அறையில் நேருமாயின், தீப்பற்றும் அபாயம் மிகும். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நள்ளிரவில் வண்டி எரிந்தால், உறங்கும் குடும்பத்தின் கதி என்னாவது?

2020 நவம்பரில் சுமார் 68,000 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. ஆனால் செப்பனிடப்பட்டவற்றுள்ளும் இரண்டு பின்னர் எரிந்தன. எனவே 2021 ஆகஸ்டில் 2017 முதல் 2022 வரையான மாதிரிகள் யாவும், 1,40,000க்கும் மேற்பட்டவை, அழைப்புக்கு உள்ளாயின. செலவு ஏறக்குறைய 200 கோடி டொலர். அறைகளைச் செய்த எல்.ஜி. நிறுவனத்தார் அதில் 190 கோடி வரை ஏற்க இணங்கினர்.

மாற்றுப் பற்றரி கிடைக்கும் வரை உரிமையாளர் செய்ய வேண்டியவை எவை? நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் மின்னேற்றலாகாது. மின்சாரம் மிகக் குறையவும் விடலாகாது. ஏற்றியதும் வண்டியை வெளியே நிறுத்த வேண்டும். இரவில் வீட்டினுள் ஏற்றலாகாது. 2023இல், பிந்திய மாதிரிகள் பலவற்றுக்குப் பற்றரியைச் சோதிக்கும் கணினிக் கட்டளை வழங்கப்பட்டது. சுமார் 10,000 கிலோமீற்றர் ஓடும் வரை அது மின்னேற்றத்தை எண்பது பங்கில் நிறுத்தி, பழுதைத் தேடும். பழுது காணின் பற்றரி மாற்றப்படும்.

சட்டம் பாதி, உடையவர் கவனம் மறுபாதி. வண்டி கைமாறினால், விலாசம் மாறினால், அறிவித்தல் கடிதம் வந்து சேராமற் போகலாம். அதனாலேயே வண்டிக்குரிய 17 எழுத்தெண் அடையாளத்தைக் கொண்டு, நிலுவையிலுள்ள திருத்தங்களை எவரும் இலவசமாக அறிந்துகொள்ள அந்நாட்டு அரசாங்கம் வழிசெய்துள்ளது. பழைய வண்டியை வாங்குவோர் நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன் இதனைப் பார்த்தல் நன்று. திருத்தம் முடிந்ததற்கான பத்திரத்தையும் கேட்டுப் பெற்றுப் பேணுக.

"இதுவரை ஒன்றும் நேரவில்லையே" என்று கடிதத்தை மேசையறையில் இடுவோர் உளர். மடிந்த தாள் வெளியே தெரிவதில்லை. காசு கேளாது செய்யப்படும் திருத்தத்தைக் காலந்தாழ்த்துவது குடும்பத்திற்குச் செய்யும் நன்மையாகாது.