ஹீரோவைப் போலீஸ் பிடிக்காதா மாமா?

மலர் என்றால் கவிதை இருக்கும், வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கும். இவன் கார்ட்டூனைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். எல்லாம் என் அக்கா மகனால் வந்த வினை.

இரண்டாம் வகுப்புப் பையன். ஹீரோ வில்லனைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறான், சுவர் பொலபொலவென்று கொட்டுகிறது. "மாமா, அது யார் வீட்டுச் சுவரு? போலீஸ் இவனைப் பிடிக்காதா?" என்றான். சிவில் துறைக்காரனான நான் இத்தனை வருஷமாக அந்தச் சுவருக்கு ஒரு எஸ்டிமேட் கூடப் போட்டுப் பார்த்ததில்லை!

2004இல் வந்த 'தி இன்கிரெடிபிள்ஸ்' படம் இதையேதான் கேட்டது. மாடியிலிருந்து குதித்தவனை ஹீரோ காப்பாற்றுகிறான். "உன்னை யார் காப்பாற்றச் சொன்னது?" என்று அவன் வழக்குப் போடுகிறான். ரயிலைத் தடுத்து நிறுத்தினால், அடிபட்ட பயணிகள் வழக்குப் போடுகிறார்கள். கடைசியில் ஹீரோக்கள் எல்லாம் ஒளிந்து வாழ வேண்டியதாகிறது.

"சட்டம் பேசினா கதை சப்புன்னு போயிடும்டா" என்கிறான் ரூம்மேட். ஒரு பாதி உண்மை. 1954இல் அமெரிக்க காமிக்ஸ் பதிப்பாளர்கள் தாங்களே ஒரு விதித்தொகுப்பு வைத்துக்கொண்டார்கள். போலீசையும் நீதிபதியையும் மரியாதைக் குறைவாகக் காட்டக்கூடாது, எப்போதும் நல்லவனே ஜெயிக்கணும். 2011க்குள் எல்லோருமே அதைக் கைகழுவிவிட்டார்கள். அந்த மாதிரி கைகட்டி நிற்கும் ஹீரோவை நானும் கேட்கவில்லை. திருடனைப் பிடிக்கட்டும். தண்டனையை மட்டும் அவனே கொடுக்க வேண்டாம். பிடிக்கிற உரிமை நமக்கே உண்டு தெரியுமா? கண்ணெதிரே பெரிய குற்றம் நடந்தால் சாதாரண ஆளும் பிடிக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்கணும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இது இருக்கிறது.

எனக்குப் பயம் வேறு. சட்டம் என்றாலே நல்லது செய்பவனுக்கு இடைஞ்சல் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. போன செமஸ்டரில் மெயின் ரோட்டில் ஒருவர் பைக்கோடு விழுந்து கிடந்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றோம். "தொடாதே, கேஸ் ஆயிடும்" என்றது ஒரு குரல். அந்தக் குரல் என்னுடையது. விபத்தில் உதவுபவர் மீது வழக்குப் பாயாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இலேயே 134ஏ பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். எனக்குத்தான் தெரியவில்லை. படத்து ஹீரோவுக்குக் கிடைக்காத பாதுகாப்பு எனக்குச் சட்டப்படி இருந்தது. நான் பேசாமல் நின்றேன்!

அவரைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு ஆட்டோக்கார அண்ணன். மறுநாள் ஸ்டாண்டில் தேடிப் பிடித்து, "அண்ணே, பயமா இல்லியா?" என்று கேட்டேன். "பயம் எதுக்கு தம்பி? சீட்டைக் கழுவத்தான் லேட்டாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த சவாரிக்குக் கிளம்பிவிட்டார்.