குமாஸ்தா புத்தி

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்குப் போயிருந்தேன். ஒன்றரை மணி நேரத் தாமதம், மேடையில் பதினோரு பேர், பதினோரு பேருக்கும் பொன்னாடை. இதெல்லாம் நம் வயதுக்காரர்களுக்குப் பழகிப்போன சமாசாரம். ஆனால் வாழ்த்துரைக்கு வந்த ஒருவர் சொன்ன பேச்சு மட்டும் தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி இன்னும் உறுத்துகிறது. "படைப்பாளி என்ன குமாஸ்தாவா? பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து, ஐந்து மணிக்கு எழுந்து போகிறவனுக்கு இலக்கியம் வராது. அது வருகிறபோதுதான் வரும்" என்றார். அன்றைய விழாவில் அதற்குத்தான் பெரிய கைத்தட்டல்.

நான் தட்டவில்லை. 38 வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ரோஷம் வந்துவிட்டது என்று நினைப்பீர்கள். கொஞ்சம் ரோஷமும்தான். அது மட்டும் என்றால் வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் இதே பேச்சு என் கண்ணெதிரில் ஒரு மனிதனை வீணாக்கியது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் செக்‌ஷனில் எனக்கு அடுத்த மேஜை அவனுடையது. இருவரும் ஒரே வருடம் எல்.டி.சி.யாகச் சேர்ந்தோம். அவனுடைய அப்பா பதினெட்டு வயதுப் பையனாக மில்லில் வேலை பார்த்தவர். 1936 ஜூலை 30 அன்று நம் ஊரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தப்பிப் பிழைத்தவர். பன்னிரண்டு தொழிலாளிகள் செத்த அந்த நாளைப் பற்றி வருடா வருடம் கூட்டம் போடுகிறார்கள், மாலை போடுகிறார்கள். எட்டு மணி நேர வேலைச் சட்டம் அந்த ரத்தத்துக்குப் பிறகுதான் வந்தது என்று பேசுகிறார்கள். ஆனால் அன்று காலையில் அந்தத் தெருக்கள் எப்படி இருந்தன, மில் சங்கு ஊதியபோது வீட்டுப் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யார் சொல்வார்கள்? அவன் சொல்வான். மத்தியான டீக்கடை பெஞ்சில் அவன் சொல்லக் கேட்டால் டீ ஆறிப்போகும். டீக்கடைக்காரரே கேட்டுக்கொண்டு நிற்பார்.

அதை நாவலாக எழுதப் போகிறேன் என்று 1979-ல் சொன்னான். 'எப்போது?' என்று கேட்டால், "மூடு வரணும்டா" என்பான். நான் ஒருநாள், "தினம் ஆபீஸ் முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்காரேன், ஒரு பக்கமாவது எழுதேன்" என்றேன். அவன் சிரித்தான். "உனக்கு குமாஸ்தா புத்திடா. இது என்ன தபால் ரெஜிஸ்டரா, தினமும் என்ட்ரி போட?" செக்‌ஷன் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

முப்பத்தேழு வருடம் அவன் மூடுக்காகக் காத்திருந்தான். அதைப் பொறுமை என்றே எல்லோரும் சொன்னார்கள். "அவசரப்படாத ஆளு, மனசுல ஊறப் போட்டிருக்கார்" என்று சக ஊழியர்கள் மரியாதையோடு பேசுவார்கள். ஊறுகாய்கூட ஜாடியைத் திறந்து தினம் ஒரு கிளறு கிளறினால்தான் கெடாமல் இருக்கும். என் வீட்டுக்காரியைக் கேட்டால் சொல்வாள்.

எனக்குப் பொறுமை என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பிரெஞ்சுப் பள்ளி முசியே. வாரம் ஒருநாள் தீக்த்தே. அவர் நடந்துகொண்டே வாசிப்பார், நாங்கள் ஊதா மையில் எழுதுவோம். ஐந்து பிழை என்றால் பூஜ்யம். நான் பல மாதம் பூஜ்யம். ஒருநாள் அழுதுவிட்டேன். அப்போது அவர் மோப்பசானைப் பற்றிச் சொன்னார்.

மோப்பசான் ஒரு குமாஸ்தா என்பது அந்த மேடைப் பேச்சாளருக்குத் தெரியுமா? பாரிஸில் கடற்படை அமைச்சகத்தில் எழுத்தர். அந்த வேலையை அவர் வெறுத்தார், அது உண்மை. ஆனால் வெறுத்துக்கொண்டே வருடக்கணக்காக ஆபீஸ் போனார், கூடவே எழுதினார், எழுதியதை எடுத்துக்கொண்டு ஃப்ளோபேரிடம் போனார். ஃப்ளோபேர் அடித்துத் திருத்தித் திருப்பிக் கொடுப்பார். அச்சுக்கு அவசரப்படாதே என்பார். ஏழு வருடம் இப்படிப் போனதாக மோப்பசானே பிற்பாடு ஒரு முன்னுரையில் எழுதியிருக்கிறார். அந்த ஏழு வருடத்தில் எழுதிய கவிதை, கதை, நாடகம் எதுவும் மிஞ்சவில்லையாம். 1880-ல் 'பூல் த ஸ்விஃப்' வெளிவந்தது. ஒரே கதையில் பெயர் நின்றது. ஃப்ளோபேர் அதைப் படித்துப் பாராட்டிவிட்டு, அந்த மே மாதமே இறந்துபோனார். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்தில் சுமார் 300 கதைகள். ஊற்று பொங்கியது என்று சொல்கிறவர்கள், அந்த ஏழு வருடம் தோண்டியதைச் சொல்வதில்லை.

ஃப்ளோபேர் 'மதாம் பொவாரி' எழுத ஏறக்குறைய ஐந்து வருடம் எடுத்துக்கொண்டார், 1851-லிருந்து 1856 வரை. அடித்து எழுதிய தாள்கள் ஆயிரக்கணக்கில் ரூவான் நூலகத்தில் இருக்கின்றன. எழுதிய வாக்கியத்தை உரக்கக் கத்திப் படித்துப் பார்த்து, காதுக்கு இடித்தால் மறுபடி எழுதுவாராம். இதைச் சொன்னதும் ஒரு நண்பர், "அவருக்குக் குடும்பச் சொத்து இருந்தது சார், நமக்கு ரேஷன் கார்டுதான் இருக்கு" என்றார். சரிதான். சொத்து இருந்தால் ஐந்து வருடம் உட்காரலாம். அந்த ஆட்சேபணையை ஏற்றுக்கொள்கிறேன்.

அப்படியானால் சொத்தே இல்லாத ஒரு தபால்காரரைப் பார்ப்போம். ஃபெர்தினான் ஷெவால், தெற்கு பிரான்சில் ஓத்ரீவ் என்ற கிராமத்துக்குத் தபால் கொண்டுபோனவர். தினம் முப்பது கிலோமீட்டருக்கு மேல் கால்நடை. 1879-ல், நாற்பத்து மூன்று வயதில், வழியில் ஒரு கல் தடுக்கியது. வினோதமான உருவம் உள்ள கல். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் இன்னும் சில. பிறகு கூடை, அதற்குப் பிறகு தள்ளுவண்டி. பகலில் தபால், வேலை முடிந்த பிறகு சுண்ணாம்பும் சிமென்டும் குழைத்து, இரவில் விளக்கு வெளிச்சத்தில் கட்டினார். கட்டடக் கலை படித்ததில்லை. ஊர் சிரித்தது. 1912-ல் முடித்தார். கோயிலும் குகையும் அரக்கர் சிலைகளுமாக 26 மீட்டர் நீளத்துக்கு ஒரு மாளிகை. 33 வருடம், 10,000 நாள், 93,000 மணி நேரம் என்று அவரே அதன் மேல் கணக்கு பொறித்து வைத்திருக்கிறார். பழைய பழக்கத்தில் நானும் வகுத்துப் பார்த்தேன். நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வருகிறது. தபால் வேலையையும் சேர்த்துப் பார்த்தால் ஆடிட் பார்ட்டி ஒரு அப்ஜெக்‌ஷன் போடும். ஆனால் மாளிகை நிற்கிறதே! 1969-ல் மல்ரோ மந்திரியாக இருந்தபோது அதை நினைவுச் சின்னமாக அறிவித்தார். ஷெவாலோ மாளிகையை முடித்த கையோடு, எழுபத்தெட்டு வயதில், தன் கல்லறையைக் கட்ட ஆரம்பித்தார். அதற்கு எட்டு வருடம். மணிக்கணக்கு எழுதி வைத்த மனுஷனுக்கு எந்தப் புத்தி இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

பிரான்சுக்கு ஏன் போக வேண்டும்? நம் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளை இல்லையா? 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 ஜனவரி வரை தினப்படி சேதி. இடையிடையே விட்டுப்போயிருக்கிறது, இருந்தாலும் இருபத்து நான்கு வருடம். வியாபாரம், துய்ப்ளேக்சுக்குத் துபாஷி வேலை, சண்டை, முற்றுகை, குடும்பத்தில் நல்லது கெட்டது. இத்தனைக்கும் நடுவில் எந்தக் கப்பல் வந்தது, யார் யாரைப் பார்த்தார்கள், கவர்னர் என்ன சொன்னார் என்று எழுதிக்கொண்டே போயிருக்கிறார். தபால் ரெஜிஸ்டர் மாதிரிதான்! அந்த என்ட்ரிகள் இல்லையென்றால் பிரபஞ்சனுக்கு 'வானம் வசப்படும்' ஏது?

குமாஸ்தாக்களுக்காக வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வர்க்கத்தின் பாவங்கள் எனக்குத் தெரியும். 'நாளைக்கு வா' என்று எத்தனை கிழவிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்! ஆனால் ஒரு பழக்கம் எங்களிடம் உண்டு. டிராஃப்ட் போடுவோம், மேலே போகும், சிவப்பு மையில் அடித்துத் திரும்பி வரும். முனகிக்கொண்டே மறுபடி போடுவோம். ஒரு தேதியைத் தப்பாகப் போட்டதால் ஒரு விதவையின் பென்ஷன் ஆறு மாதம் நின்றுபோனதைப் பார்த்த பிறகு, முதல் டிராஃப்ட்டையே ஃபேர் காப்பி என்று நினைக்கிற தைரியம் எனக்குப் போய்விட்டது. அன்று மூடு இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை.

ஆபீஸில் இவ்வளவு கற்றுக்கொண்டவன், சொந்த எழுத்துக்கு வந்தபோது அத்தனையும் மறந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறுபதாம் கல்யாணத்துக்குள் புத்தகம் வந்துவிட வேண்டும் என்று மூன்றே மாதத்தில் ஒரு கவிதைத் தொகுப்பு. சொந்தச் செலவில் 300 பிரதி. விழா, பொன்னாடை எல்லாம் நடந்தது. பரணில் இன்னும் 212 பிரதிகள் இருக்கின்றன. போன மழையில் ஒழுகியதில் பத்துப் பன்னிரண்டு நனைந்தன. காயவைக்க எடுத்தபோது ஒன்றைப் பிரித்துப் படித்தேன். காயவைக்காமலே விட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் காலை ஐந்தரை மணி உட்காருகை ஆரம்பித்தது. காபிக்குப் பிறகு, பேப்பர் வருவதற்கு முன், ஒரு மணி நேரம். ஃப்ளோபேரின் 'அன் கேர் சாம்ப்ள்' கதையைத் தமிழில் கொண்டுவரப் பார்க்கிறேன். ஒரு வேலைக்காரியின் கதை, ஐம்பது பக்கம்கூட வராது. நான்கு முறை முழுதாக எழுதிவிட்டேன், ஐந்தாவது முறை நடக்கிறது. என் பேரன், "தாத்தா, கம்ப்யூட்டர்ல போட்டா ஒரு நிமிஷத்துல வந்துடும்" என்றான். வரட்டும். எனக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டும்.

இதை வெற்றிக் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் தமிழ் சுமார்தான், எனக்கே தெரியும். ஒழுங்காக உட்கார்ந்தால் திறமை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை, வரவில்லையே! என் கோபம் வேறு. திறமை அவனிடம் இருந்தது. நாற்காலி என்னிடம் இருந்தது. நாற்காலி கேவலம் என்று அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள், இந்த வாழ்த்துரைக்காரர் மாதிரி யாரோ. மேடையில் கைத்தட்டலுக்காகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கீழே உட்கார்ந்திருக்கிற ஒருவன் அதை நம்பி ஆயுளைக் கழித்துவிடுகிறான்.

2016-ல் அவன் போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்து சில வாரம் கழித்து அவன் மகன் ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். "அப்பா எப்பவும் உங்களைப் பத்திதான் பேசுவார் மாமா, நீங்களே பாருங்க." கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு, ஆபீஸ் சப்ளை. முதல் பக்கத்தில் தலைப்பு, கொட்டை எழுத்தில். அடுத்து அப்பாவுக்குச் சமர்ப்பணம். அடுத்து கதாபாத்திரங்களின் பட்டியல், இருபத்து மூன்று பேர். பிறகு நாவல். நாலே கால் பக்கம்.

அந்த நாலே கால் பக்கத்தைப் போல நான் ஜென்மத்தில் எழுத முடியாது. மீதிப் பக்கமெல்லாம் வெள்ளை.

மீட்டிங் என்றால் யார் என்ன பேசினார்கள் என்று மினிட்ஸ் எழுதியே பழகியவன் நான். அந்த டீக்கடை பெஞ்சில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தேன், ஒருநாளாவது ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைத்தேனா? இல்லை. கேட்டுச் சுகப்பட்டேன். குமாஸ்தா புத்தி எங்கே வேண்டுமோ அங்கே எனக்கும் இல்லாமல் போயிற்று.

இந்த ஆறு மாதமாக மொழிபெயர்ப்பை ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் அவன் சொன்னது ஞாபகம் வருகிறவரை எழுதிப் பார்க்கிறேன். அவன் கையை வீசியது ஞாபகம் வருகிறது, நடுவில் பீடியைப் பற்றவைத்தது வருகிறது. பெயர்கள் வரமாட்டேன் என்கின்றன. அவன் நோட்டின் கடைசி வரி பாதியில் நிற்கிறது. சங்கு ஊதியதும் ஆயா, என்று எழுதியிருக்கிறான். அவ்வளவுதான். ஒரு கூழ்த் தூக்கு பற்றி என்னவோ சொல்வான். ஆயா அதை எடுத்துக்கொண்டு மில் கேட்டுக்கு ஓடினாளா, கீழே வைத்தாளா? மகனிடம் கேட்டேன். தெரியவில்லை மாமா என்றான்.