ராஜினாமா வேண்டாம், மாற்றம் கேளுங்கள்

சம்பளத்தைக் கூட்டிக் கேட்க நம் பிள்ளைகள் இப்போது தயங்குவதில்லை. இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு கம்பெனி என்று தாவவும் தயக்கமில்லை. ஆனால் அதே கம்பெனியில், அதே கட்டடத்தில், இரண்டு மாடி மேலே இருக்கும் வேறு பிரிவுக்குப் போக ஆசைப்பட்டால் மட்டும் வாயடைத்துப் போகிறார்கள். போஸிடம் எப்படிச் சொல்வது? தப்பாக எடுத்துக்கொள்வாரோ? நன்றி கெட்ட பிள்ளை என்று நினைப்பாரோ? ஆறு மாதம் இப்படியே மனதுக்குள் புழுங்கிவிட்டு, போனஸ் கைக்கு வந்த மறுவாரம் ராஜினாமா கடிதத்தை நீட்டிவிடுகிறார்கள்.

செராஸ் தாமான் மீடாவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணும் அப்படித்தான் வந்து நின்றாள். கணக்குப் பிரிவில் ஆறாவது வருடம். கம்பெனியில் புதிதாகத் தரவுப் பகுப்பாய்வுக் குழு ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். இவள் இரவில் உட்கார்ந்து அதற்கான படிப்பையும் முடித்துவிட்டாள்.

"அக்கா, ரிசைன் லெட்டர் டைப் பண்ணி வெச்சிட்டேன்."

"வேற எடத்துல வேலை கிடைச்சிருச்சா?"

"இன்னும் இல்ல. ஆனா மேடம்கிட்ட போயி, உங்க டிபார்ட்மென்ட் வேணாம்னு எப்படிக்கா சொல்றது? என்னை வேலைக்கு எடுத்ததே அவங்கதான்."

நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. வருடத்துக்கு எத்தனை நாள் லீவு என்று கேட்டேன். பதினாறு என்றாள். புதுக் கம்பெனியில் எத்தனை கிடைக்கும் என்று கேட்டபோதுதான் யோசித்தாள்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டு விடுப்பு குறைந்தது 8 நாள். இரண்டு முதல் ஐந்து வருடம் வரை 12 நாள். ஐந்தைத் தாண்டினால் 16 நாள். சம்பளத்தோடு கூடிய எம்சியும் அப்படியே 14, 18, 22 என்று ஏறும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, வேலையை விட்டு நிறுத்த நிர்வாகம் தர வேண்டிய நோட்டீஸ் 4 வாரம், 6 வாரம், 8 வாரம். ஆட்குறைப்பு வந்தால் தரும் இழப்பீடும் இதே கணக்குதான்: வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 10 நாள், 15 நாள், 20 நாள் சம்பளம் (மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டியவர்களுக்குச் சட்டப்படியான இந்த இழப்பீடு கிடையாது, அவர்கள் தங்கள் ஒப்பந்தத்தைத்தான் பார்க்க வேண்டும்). சட்டம் சொல்வது குறைந்தபட்சம். நல்ல கம்பெனிகள் கூடவே தரும். ஆனால் எங்கே போனாலும் இந்த மீட்டர் பூஜ்ஜியத்திலிருந்துதான் மறுபடி ஓடத் தொடங்கும். பிரிவு மாறுகிறவருக்கு அது நிற்பதில்லை.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் நமக்கு வாய் ஏன் வருவதில்லை? தோட்டத்தில் வளர்ந்த குடும்பங்களுக்குப் பதில் தெரிந்திருக்கும். மாற்றம் என்பது அங்கே துரை போடுவது. கிராணி வந்து சொல்வார், மண்டோர் பெயரை மாற்றி எழுதுவார், நாம் அடுத்த டிவிஷனுக்கு நடப்போம். நாமாகப் போய்க் கேட்டால் அது திமிர். தோட்டத்தை விட்டு வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. கண்ணாடிக் கட்டடத்தில் லேப்டாப் வைத்திருக்கும் பேரப்பிள்ளைகளிடமும் அந்தப் பயம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

ஊழியரை ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றுவது பொதுவாக நிர்வாகத்தின் உரிமை என்றுதான் நம் நீதிமன்றங்களும் சொல்கின்றன. 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த லாடாங் ஹோலிரூட் வழக்கு, தோட்டத் தொழிலாளர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு. இடமாற்றம் பற்றிய விவகாரங்களில் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். கெட்ட நோக்கத்தோடு மாற்றினால் நீதிமன்றம் தலையிடும், மற்றபடி முடிவு நிர்வாகத்துடையது. ஆக, வேறு பதவி கொடு என்று கேட்டு வாங்கச் சட்டத்தில் வழியில்லை. அரசாங்க ஆசிரியர்களுக்காவது இடமாற்றத்துக்கு மனுப்போட இ-ஜி-துக்கார் இருக்கிறது. தனியார் துறையில் நீங்களேதான் போய் வாயைத் திறக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்கு ராமானுஜனைத்தான் நினைக்கத் தோன்றும். கணித மேதை என்றுதான் அவரைப் படித்திருப்போம். அவரும் கணக்குப் பிரிவில் இருந்து வெளியே போகத் துடித்த ஒரு கிளார்க்தான். 1912 மார்ச் 1-ஆம் தேதி மதராஸ் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார். தன் கணிதத்தை அங்கே யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைக்கவில்லை. அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர், இருவரும் சேர்ந்தே கணக்குப் போட்டார்கள். அவர் மூலம் துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வரை விஷயம் போனது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலேயே, தான் துறைமுக அலுவலகத்தில் ஒரு கிளார்க் என்று ராமானுஜன் சொல்லிவிடுகிறார். சில மாதங்களில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. அப்போதும் அவர் துறைமுக வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் போகவில்லை. சம்பளமில்லாத இரண்டு வருட விடுப்பில் அனுப்பி வைத்தார்கள். மேலதிகாரிகள் கடைசி நாளில் கேள்விப்பட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

நம் ஆட்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். முதலில் அடுத்த பிரிவின் மேனேஜரிடம் மதியச் சாப்பாட்டில் பேசுவார்கள். அவர் சரி என்பார். பிறகு எச்ஆரிடம் ஜாடையாகக் கேட்பார்கள். சொந்த போஸ் கடைசி. அதற்குள் பேன்ட்ரியில் மைலோ கலக்கும்போது யாரோ அவரிடம் சொல்லியிருப்பார்கள். பிறகு நீங்கள் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் அவர் காதில் அது முதுகுக்குப் பின்னால் நடந்த காரியம்தான். பல கம்பெனிகளில் உள் மாற்றத்துக்கு இப்போதைய மேனேஜரின் ஒப்புதல் வேண்டும், ஒரே பதவியில் குறிப்பிட்ட காலம் இருந்திருக்கவும் வேண்டும். முதலில் கம்பெனியின் கையேட்டில் அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள். அடுத்து உங்கள் மேனேஜர். மற்றவர்கள் அதற்குப் பிறகு.

பேசும்போது, இங்கே என்ன பிடிக்கவில்லை என்று தொடங்காதீர்கள். அங்கே என்ன செய்ய ஆசை, அதற்காக இதுவரை என்ன கற்றிருக்கிறீர்கள் என்று தொடங்குங்கள். பக்கத்து வீட்டுப் பெண் தன் மேடத்திடம் பேசியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப மாசக் கடைசி குளோசிங்கை யார் பார்க்கிறது?" அவருக்கு வந்தது கோபமில்லை, கவலை. இவள் அதற்குத் தயாராகத்தான் போயிருந்தாள். குளோசிங்கின் ஒவ்வொரு வேலையையும் இரண்டு பக்கத்தில் எழுதி, யாருக்குச் சொல்லிக் கொடுக்கலாம், எத்தனை வாரம் ஆகும் என்றும் குறித்துவைத்திருந்தாள். ஆண்டுக் கணக்கு முடியட்டும், மூன்று மாதம் பொறு என்றார் மேடம். அந்தத் தேதியை அன்றே மின்னஞ்சலில் எழுதி, நன்றி சொல்லி அனுப்பிவிட்டாள். வாய்வார்த்தையாக விட்டிருந்தால் மூன்று மாதம் முப்பது மாதமாகியிருக்கும். அது நம் ஆபீஸ்களின் வழக்கம்.

எல்லா மேனேஜரும் இவரைப் போல இருக்கமாட்டார்கள். கேட்ட நாளிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. அப்படியானால் அங்கே உங்கள் இடம் என்ன என்பது தெரிந்துவிட்டது. வெளியே தேடுங்கள், ஆனால் வேலையில் இருந்துகொண்டே தேடுங்கள். ஒன்று மட்டும் வேறு வகை: போஸே தொல்லை கொடுக்கிறார் என்றால் அங்கே மாற்றம் கேட்பது மருந்தாகாது. பாலியல் தொல்லை பற்றிப் புகார் வந்தால் விசாரிக்க வேண்டியது முதலாளியின் சட்டக் கடமை. அதை எழுத்தில் கொடுங்கள்.

சிலருக்கு உண்மையில் வேண்டியது வேறு பதவியே இல்லை, வேறு நேரம். கிள்ளானிலிருந்து கோமுட்டர் பிடித்து, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, முசியம் நெகாரா நிலையத்துக்கு நடந்து, அங்கிருந்து எம்ஆர்டியில் செராஸ் வந்து சேரும் ஒருவருக்கு எந்தப் பிரிவும் கசக்கத்தான் செய்யும். 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் 60பி, 60கியூ என்று இரண்டு பிரிவுகள் சேர்ந்திருக்கின்றன. வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றிக்கொள்ள ஊழியர் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். மறுக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் கேட்டதற்குப் பதிலே வராத நிலைக்கு இது எவ்வளவோ மேல்.

மாற்றம் கிடைத்துவிட்டால் சந்தோஷத்தில் கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். சம்பளமும் அலவன்சும் அப்படியே இருக்கின்றனவா? மறுபடியும் தகுதிகாண் காலம் போட்டிருக்கிறார்களா? அதில் தேறாவிட்டால் பழைய இடம் உண்டா, இல்லையா? முக்கியமாக, கடிதத்தின் தலைப்பில் எந்த செண்டிரியான் பெர்ஹாட் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே குழுமத்துக்குள் இருந்தாலும் ஒவ்வொன்றும் சட்டப்படி தனி முதலாளி. தாய்க் கம்பெனியிலிருந்து கிளைக் கம்பெனிக்கு மாறும்போது, இதுவரையிலான சேவைக் காலம் தொடர்கிறது என்ற ஒரு வரி இல்லையென்றால், நான் மேலே சொன்ன மீட்டர் உங்களுக்குத் தெரியாமலே பூஜ்ஜியத்துக்குப் போய்விடலாம். அந்த வரியைச் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கடிதத்திலும் அது இல்லை. கேட்டாள், மறுநாளே எச்ஆர் திருத்தித் தந்துவிட்டார்கள்.