பேரு மட்டும் அன்லிமிடெட்

வீட்டுல டிவி முன்னாடி நின்னு ஆடுற கேம்னு சொன்னா சிரிக்காதீங்க, வேர்த்துக் கொட்டும்! 1999-ல கொனாமி 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' கேமை பிளேஸ்டேஷனுக்குக் கொண்டு வந்தப்பவும் சரி, 2009-ல யூபிசாஃப்ட் 'ஜஸ்ட் டான்ஸ்' விட்டப்பவும் சரி, பாட்டெல்லாம் டிஸ்க்லயே இருந்துச்சு. முதல் ஜஸ்ட் டான்ஸ்ல 32 பாட்டுதான். ஆனா டிஸ்க் உழைக்கிற வரைக்கும் அந்த 32-ம் நம்மளது.

2015-ல 'ஜஸ்ட் டான்ஸ் அன்லிமிடெட்' சந்தா வந்துச்சு. பாட்டு ஏராளம், எல்லாம் இன்டர்நெட் வழியா. லைசென்ஸ் முடிஞ்ச பாட்டை லிஸ்ட்ல இருந்து தூக்கிடுவாங்க. 2022-ல வந்த '2023 எடிஷன்' பெட்டியில டிஸ்க்கே கிடையாது, டவுன்லோட் கோடு மட்டும்தான்.

பாட்டு லைசென்ஸுக்குச் செலவாகும், காமர்ஸ் படிக்கிற எனக்கும் அது புரியுது. புதுசு புதுசா ஆட நினைக்கிறவங்களுக்குச் சந்தா லாபம்தான். ஆனா இது ஒரு தடவை பார்த்துட்டு விடுற சினிமா இல்லையே. ஒரு பாட்டை முப்பது தடவை ஆடினாத்தான் ஸ்டெப் காலுக்கு வரும். வந்த பிறகு பாட்டு காணாமப் போனா? ஸ்டெப் கால்ல இருக்கும், ஆடத்தான் பாட்டு இருக்காது.

வாடகைன்னா வாடகைன்னே சொல்லி வாங்கட்டும். எந்தப் பாட்டு எந்தத் தேதியில போகும்னு சந்தா கட்டும்போதே சொல்லட்டும். வாடகை வீட்டு அக்ரிமென்ட்லயே தேதி போடுறாங்களே!