சந்தா விற்பனையில் படப் பங்கு குறைப்பு: சங்கத்தின் நிலைப்பாடு

தென்காசி, ஜூன் 2020

நம் படங்களை இணையத்தில் விற்கும் ஷட்டர்ஸ்டாக் நிறுவனம் ஜூன் 1 முதல் கொண்டுவந்திருக்கும் புதிய பங்கு விகிதம் பற்றிச் சங்கம் ஏன் வாய் திறக்கவில்லை என்று உறுப்பினர்கள் கேட்டுவருகிறீர்கள். செயற்குழுவில் ஒருமித்த கருத்து எட்டப்படாததால்தான் தாமதம்.

பழைய கணக்கு உங்களுக்குத் தெரியும். சந்தாவில் ஒரு படம் போனால் 25 சென்ட். மொத்த வருமானம் ஏற ஏற 38 சென்ட் வரை. ஏறிய படியிலிருந்து யாரும் இறக்கப்பட்டதில்லை. இப்போது விலையில் 15 முதல் 40 சதவீதம் வரை ஆறு படிகள். சந்தாவில் குறைந்தபட்சம் 10 சென்ட், அதாவது ஏழரை ரூபாய். 35 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். முன்பு 140 டவுன்லோடில் சேர்ந்த தொகைக்கு, குறைந்தபட்ச வீதமே கிடைப்பவருக்கு இனி 350 வேண்டும்.

சந்தா முறையையே சங்கம் எதிர்ப்பதாகக் கொள்ள வேண்டாம். மலிவாகப் படம் கிடைப்பதால் வாங்குவோர் பெருகியதும் உண்மை. ஆனால் மாதம் 199 டாலருக்கு 750 படம் என்று சந்தா கட்டியவர் ஐம்பது படம்தான் எடுத்தாலும், நம் பங்கு 750-ஆல் வகுத்த விலையில்தான். எடுக்காத படங்களின் பணம் நிறுவனத்திடமே நிற்கிறது. இதை மறுபரிசீலனை செய்யலாம் என்பது குழுவின் கருத்து.

ஜனவரி விதி அப்படியல்ல. ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று எல்லோரும் மறுபடி 15 சதவீதத்துக்கு இறங்க வேண்டுமாம். 100 டவுன்லோட் தாண்டினால் 20, 250 தாண்டினால் 25, 500 தாண்டினால்தான் 30. 40 சதவீதத்துக்கு ஓராண்டில் 25,000 தாண்ட வேண்டும். நம்மவர்களின் படங்கள் பெரும்பாலும் நகர்வது சாரல் மாதங்களில். ஐந்தருவியில் ட்ரைபாடை ஊன்றி, லென்ஸில் படியும் சாரலைத் துடைத்துத் துடைத்து எடுத்த படமும், சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயலும் கோடையில் யாருக்குத் தேவைப்படுகின்றன? ஜூனில் அசையத் தொடங்கி, இரண்டாம் படியைத் தொடும்போது ஆண்டு முடிந்துவிடும். அடுத்த நாள் மறுபடி அடிப்படியில் நிற்க வேண்டும். லட்சக்கணக்கில் படம் வைத்திருக்கும் பெரிய ஸ்டுடியோக்கள் சில நாளில் தாண்டிவிடும் படியில் நாம் ஆண்டு முழுக்க நிற்போம். பத்து வருடம் வேலை பார்த்தவருக்கு ஒவ்வொரு புத்தாண்டிலும் புதிதாகச் சேர்ந்த பையனின் சம்பளத்தைக் கொடுக்கும் முதலாளியை யார் பொறுத்துக்கொள்வார்? 'அதிருப்தி' என்று எழுதினால் போதும் என்றனர் சிலர். இது அநியாயம் என்றே பதிவு செய்கிறோம்.

அறிவித்த நேரத்தையும் பாருங்கள். கொரோனாவால் வந்த, கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்ற கட்டுப்பாட்டில் ஆல்பம் வேலை படுத்துவிட்டது. அருவிகளில் குளிக்கத் தடை; சீசனை நம்பியிருந்த ஸ்டுடியோக்கள் வாடகை கட்ட முடியாமல் இருக்கின்றன. வீட்டிலிருந்தபடி வந்த சிறு வருமானம் இந்தப் பட விற்பனை ஒன்றுதான்.



2013-இல் இன்னொரு பட விற்பனைத் தளமான ஐஸ்டாக்கின் படங்கள் கூகுள் டிரைவுக்குக் கொடுக்கப்பட்டபோது, எதிர்ப்புத் தெரிவித்துக் கலைஞர்கள் கூட்டமாகப் படங்களை நீக்கினார்கள். இப்போதும் பல நாடுகளில் படங்களை விற்பனையிலிருந்து விலக்கிவருகிறார்கள். கணக்கை மூடுவது அவரவர் விருப்பம்; சங்கம் யாரையும் கட்டாயப்படுத்தாது. மூடாதவரைக் குறை சொல்லவும் வேண்டாம், அவர்கள் வீட்டு நிலைமை அவர்களுக்கே தெரியும்.

ஜனவரி விதி திரும்பப் பெறப்பட வேண்டும், குறைந்தபட்சத் தொகை பழையபடி 25 சென்ட் ஆக வேண்டும் என்று நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுகிறோம். பதில் வரும்வரை இந்தச் சீசனில் எடுக்கும் படம் ஒன்றைக்கூட அங்கே ஏற்றாதீர்கள். கடிதத்தில் கையெழுத்திட ஒவ்வொரு உறுப்பினரும் இந்த வாரத்துக்குள் முன்வர வேண்டும்.