உத்தியோகமும் பட்டமும் ஒருங்கே

பிரித்தானியாவில் ஏ லெவல் எழுதும் பிள்ளைகள் உள்ள தமிழ் வீடுகளில் ஆண்டுதோறும் ஒரே பேச்சுத்தான். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடம் என்பதே அப்பேச்சு. வங்கியொன்றில் வேலை பார்த்துக்கொண்டே முகாமைத்துவப் பட்டமும் பெறலாம் என்று பிள்ளை வாய் திறந்தால், 'அப்பிரண்டிஸ் ஆவதற்கா உன்னை இவ்வளவு படிப்பித்தோம்?' என்ற கேள்வியே மறுமொழியாக வருகிறது. சொல்லைக் கேட்டு எழுந்த கேள்வி அது. பொருளை ஆராய்ந்து எழுந்ததன்று. ஊரிலே அப்பிரண்டிஸ் என்றால் கராஜில் எண்ணெய்க் கையுடன் நிற்கும் பையன் என்ற எண்ணம் இன்னும் பலரின் மனத்தைவிட்டு அகலவில்லை.

இங்கிலாந்தில் பட்டப் பயிலுனர் திட்டம் 2015 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பட்டய முகாமையாளர் திட்டமும் அதே ஆண்டில் வந்ததுதான். இதிற் சேர்பவர் நிறுவனத்தின் சம்பள ஊழியர். அதே வேளை பல்கலைக்கழக மாணவர். படிப்பு மூன்று முதல் நான்கு ஆண்டுகள் வரை செல்லும். வேலை நேரத்தில் ஒரு பகுதியைப் படிப்புக்கு ஒதுக்கிக் கொடுப்பது முதலாளியின் கடமை. முடிவில் கிடைப்பது முழுமையான இளமாணிப் பட்டம். மாற்றுக் குறைந்த பட்டம் எதுவுமன்று.

பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். 2025-26 கல்வியாண்டில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களின் உச்சக் கட்டணம் ஆண்டுக்கு 9,535 பவுண். மூன்று ஆண்டுக்கு 28,605 பவுண் ஆகிறது. உண்டி, உறையுள் வேறு. 2023 ஓகஸ்ட் முதல் படிப்பைத் தொடங்கியோருக்கான கடன் திட்டத்தில், வருமானம் 25,000 பவுணைத் தாண்டியதும் மேலதிகத் தொகையில் 9 வீதம் கழிக்கப்படும். கடன் தீராவிட்டால் இது 40 ஆண்டுகள் வரை தொடரும். பயிலுனர் திட்டத்திற் சேர்ந்தவரிடம் கல்விக் கட்டணமாக ஒரு பென்னியும் கேட்கக் கூடாது. சம்பளப் பட்டியல் ஆண்டுக்கு 30 இலட்சம் பவுணைத் தாண்டும் நிறுவனங்கள் 2017 ஏப்ரல் முதல் அந்த மேலதிகத்தில் நூற்றுக்கு அரை வீதத்தைப் பயிற்சி வரியாகச் செலுத்தி வருகின்றன. அந்த வரிப் பணமே இவ்வாறான படிப்புக்குச் செல்கிறது. பெரிய வங்கிகள் எப்படியும் கட்டவேண்டிய பணம் அது. அதைத் தமிழ்ப் பிள்ளைகள் பயன்படுத்தாதிருப்பதால் யாருக்கு இலாபம்?

வங்கித் தொழிலுக்கு இம்முறை மிகவும் பொருந்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. கௌண்டரில் நின்று காசு எண்ணும் வேலை குறைந்து வருகிறது. 2015 முதல் இந்நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகள் மூடப்பட்டுவிட்டன. எஞ்சி நிற்பது பொறுப்பும் தீர்ப்பும் வேண்டும் வேலை. 2008 நிதி நெருக்கடிக்குப் பின்னர், 2016 மார்ச்சில், வங்கிகளின் மூத்த முகாமையாளர்கள் தம் பிரிவில் நடப்பதற்குத் தாமே பதில் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு வந்தது. 2023 ஜூலை முதல் வாடிக்கையாளருக்கு நல்ல விளைவு கிட்டுமாறு செயற்படும் கடமையும் சேர்ந்தது. இவற்றைப் புத்தகத்தில் மட்டும் படிப்பவருக்கு அவை சட்ட வாசகங்கள். கடன் மறுக்கப்பட்ட கடைக்காரரின் முறைப்பாட்டைத் திங்களன்று கையாண்டு, செவ்வாயன்று அதே விடயத்தை வகுப்பில் ஆராய்பவருக்கு அவை உயிருள்ள பாடம்.

இது புதுமையான வழியுமன்று. இலண்டனில் வங்கியாளர் நிறுவகம் 1879 இல் அமைக்கப்பட்டது. பகலில் கிளையில் எழுதுவினைஞராக இருந்து, மாலையில் அதன் பரீட்சைகளுக்குப் படித்து முகாமையாளரானவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். இலங்கையில் 1971 இல் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபின் இந்நாட்டுக்கு வந்த தமிழ் இளைஞர் பலரும், பெற்றோல் நிலையத்திலும் களஞ்சியத்திலும் இரவு வேலை பார்த்துக்கொண்டே கணக்கியற் பரீட்சைகளில் தேறினார்கள். அன்று தந்தை பட்ட பாட்டைப் பெருமையாகச் சொல்லும் குடும்பம், அதைவிடச் சீரான வழியில் மகள் போக விரும்பினால் ஏன் தலைகுனிய வேண்டும்?

எதிர்வாதம் இல்லாமலில்லை. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்ற நிலை இது என்று சிலர் சொல்வர். அதில் உண்மையுண்டு. மற்ற மாணவர் கோடை விடுமுறையில் இருக்கும்போது பயிலுனர் அலுவலகத்தில் இருப்பார். விதி ஒதுக்கும் நேரம் போதாமல் இரவும் ஞாயிறும் கட்டுரைக்குப் போகும். பல்கலைக்கழக வளாகத்தில் கிடைக்கும் தோழமையும் சுதந்திரமும் அதே அளவிற் கிட்டா. மருத்துவமோ தூய கணிதமோ விரும்பும் பிள்ளைக்கு இது வழியன்று. பதினெட்டு வயதில் எத்தொழில் வேண்டுமென்று தெரியாத பிள்ளையை, கடன் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வங்கிக்குத் தள்ளுவதும் தவறு. மறுத்துத் தடுப்பதும் விரட்டி அனுப்புவதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

ஒப்பந்தத்திற் கையெழுத்திடுமுன் சில கேள்விகளைக் கேட்பது அவசியம். பட்டம் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம்? படிப்பு நேரம் வாரத்தில் ஒரு நாளா, அல்லது தொடர்ந்து சில நாட்களா? கிளை மூடப்பட்டால் பயிலுனரின் நிலை என்ன? படிப்பு முடிந்தபின் நிரந்தர வேலை உண்டா? இடையில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தரவேண்டும் என்று முதலாளி கேட்க விதி இடந்தராது. இதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மாணவர் விசாவில் வந்தோர் இத்திட்டத்திற் சேர முடியாது. எப்பாடத்துக்கு, எவ்வயதினருக்கு அரசு பணம் தரும் என்பதும் மாறக்கூடியது. முதுமாணி மட்டப் பயிற்சிக்கான பணத்தை 2026 ஜனவரி முதல் பெரும்பாலும் 22 வயதுக்குட்பட்டோருக்கே மட்டுப்படுத்தியமை ஓர் உதாரணம். ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டின் விதியையே பார்க்க வேண்டும்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தின் ஐந்து தெரிவுகளுள் இது சேராது. இரண்டு வழிக்கும் ஒரே காலத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதலால் முயன்று பார்ப்பதால் நட்டமில்லை. இடங்கள் குறைவு, போட்டி கடுமை என்பதால் முந்திக்கொள்வதே புத்தி. இந்து சங்கங்கள் நவராத்திரிக் காலத்தில் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கலாம். வங்கிகளில் உயர் பதவியிலுள்ள தமிழர் பலர் கோயிலுக்கு வந்துபோகிறார்கள். நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள், எப்படிப் பதிலளிப்பது என்று அவர்கள் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால், அதுவும் ஒரு திருப்பணியே.

சரஸ்வதி பூசையன்று ஏடுகளை அடுக்கி வைக்கும் வீடுகள், ஆயுத பூசைக்குத் தொழிற் கருவிகளையும் அதே பீடத்தில் வைத்துப் பூச்சூட்டுகின்றன. கல்வி உயர்ந்தது, தொழில் தாழ்ந்தது என்ற பேதத்தை அந்த வழிபாடு அறியாது. பூசையிற் காட்டும் சமநோக்கைப் பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும்போதும் பெற்றோர் காட்டுவார்களாக.