வளைவு வேண்டாம், முடி போதும்

பண்டத்தரிப்புப் பக்கம் பிறந்தநாளோ சாமத்தியவீடோ, வாசலில் பலூன் வளைவு நிற்காவிட்டால் வீட்டுக்காரருக்கு மனம் ஆறாது. எனக்கு அதில் பெரிய பிடிப்பில்லை. படம் எடுத்து முடிந்ததும் யார் அதைத் திரும்பிப் பார்க்கிறார்கள்? செலவழிக்கத்தான் வேண்டுமென்றால், பந்தல் மூலையில் கதிரை போட்டிருந்து நீளப் பலூனை முறுக்கிப் பிள்ளைகளுக்குப் பூவும் தலையில் வைக்கும் முடியும் செய்து கொடுப்பவருக்குக் கொடுங்கள். அது கைவேலை. அவர் எடுப்பது 260 என்ற இனம்: ஊதினால் 2 அங்குலத் தடிப்பு, 60 அங்குல நீளம். முழுக்க ஊதமாட்டார், நுனியில் வால் விடுவார். முறுக்க முறுக்கத் தள்ளுப்படும் காற்றுக்கு இடம் வேண்டுமே. பூவென்றால் இரு முனையையும் சேர்த்து முடிச்சிட்டு வளையமாக்கி, அதை மூன்றாக மடித்து நடுவில் திருகுவார். ஆறு இதழ் விரியும். குருத்தோலையில் கிளி முடைபவரின் அதே விரல் வேகம். 2021 மார்ச் 31 முதல் இலங்கை ஊதி விளையாடும் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தபோது பலூனுக்கு விலக்குக் கிடைத்தது. அதற்காக வெடித்த துண்டுகளை ஆடும் கோழியும் மேயும் வளவில் விட்டுவைக்கலாமா? ரப்பர் மக்கும்தான், ஆனால் ஆறுதலாக. ஒரு வளைவுக்குப் போகும் பலூன் செலவில் ஒரு ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாருக்கும் முடி கட்டிவிடலாம். நம் வெயிலில் பலூன் மங்கி வெடிக்கும். முறுக்குபவரை மாமர நிழலில் இருத்துங்கள். எதையும் வாயில் வைக்கும் வயதுக் குஞ்சுகளுக்கு மட்டும் கொடுக்கவேண்டாம்.